அரை மணி நாழிகை

கொம்படிக்குளத்தில் ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம் இருந்த வருஷத்தில்தான் பூமயிலுக்குப் பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளை பிறந்ததால்தான் முப்பது மறுபடியும் இருபத்து நாலானது. இதை அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தீர்களென்றால் கையைப் பிடித்து உட்கார வைத்து, அடுத்த பஸ்ஸில் போகலாம், மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க என்பார்கள்.

எல்லாம் ஒரு ஊக்கால் வந்தது. கண்மாய்த் தண்ணீரைப் பன்னிரண்டு மடைக்கும் பங்கு வைக்க ஊரில் ஒரு செப்புக் கிண்ணம் இருந்தது, அதன் அடியில் ஒரு பொட்டுத் துளை, தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாகத் தண்ணீர் ஏறி ஏறி அது முங்குகிற நேரம் ஒரு நாழிகை. ஐந்து தடவை முங்கினால் ஒரு மடையின் முறை முடிந்தது, அதை அடைத்துவிட்டு அடுத்த மடையைத் திறக்க வேண்டியதுதான். விடிந்ததிலிருந்து மறுநாள் விடிகிற வரைக்கும் பன்னிரண்டு மடை, மடைக்கு ஐந்து நாழிகை, ஆக மொத்தம் அறுபது. அந்தக் கிண்ணத்தைப் பாசனச் சங்கச் செயலாளர் வீரணன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்ததில், அவர் மனைவி புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டு, துளையில் அடைத்திருந்த பாசியைத் தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து நன்றாகக் குத்திச் சுத்தம் செய்தாள். துளை பெருத்துப்போனது. மறுநாள் கிண்ணம் தண்ணீரில் விட்டதும் கல்லைப் போல முங்கியது, முதல் மடைக்காரன் மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்குள் அவன் முறை முடிந்துவிட்டது.

அடிதடி வருகிற மாதிரி ஆனதும் வீரணன் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார். வீரணன் சைக்கிள் கடை வைத்திருப்பவர், எதையும் சட்டென்று முடிக்கிற கை அவருக்கு.

"கிண்ணமும் வேணாம், கிணுக்கட்டியும் வேணாம். இங்கன சுவத்துல ஒரு கடிகாரம் மாட்டுவோம். ஒரு நாழிகைன்னா அரை மணி நேரம். அஞ்சு நாழிகைன்னா ரெண்டரை மணி. மடைக்கு ரெண்டரை மணின்னு வச்சுக்கங்க. போங்க, போயி வேலையப் பாருங்க."

யாரும் மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் முன்பு கிடைத்ததைவிட எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்த மாதிரிதான் இருந்தது. கூட்டத்தின் கடைசியில் நின்ற பூமயிலுக்கு மட்டும் கணக்கு உதைத்தது. அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலும் பிறகு மூன்று மைல் தள்ளியிருந்த மேல்நிலைப் பள்ளியிலுமாகப் பன்னிரண்டு வரை படித்தவள், காய்கறி வாங்குகிற இடத்திலும் மனசுக்குள் பெருக்கிப் பார்க்காமல் நகராதவள். ஒரு நாழிகைக்கு இருபத்து நாலு நிமிஷம், ஐந்து நாழிகைக்கு நூற்றிருபது, அதாவது இரண்டே மணி. இவர் மடைக்கு அரை மணி சும்மா அள்ளிக் கொடுக்கிறார், பன்னிரண்டு அரை ஆறு, இல்லாத ஆறு மணி நேரத்தை இந்த மனுஷன் எங்கே போய் எடுத்துவருவார்?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவள் கழுத்தில் தாலி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தாலி கட்டின அழகுராசு முப்பத்தோராம் நாள் மஸ்கட்டுக்கு ஜேசிபி ஓட்டப் போய்விட்டான், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவு, முதல் லீவுக்குக் கார்த்திகை ஒன்றாம் தேதி வந்து இறங்கப்போகிறான், அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. முப்பது நாளை ஆறால் பெருக்கினால் நூற்றெண்பது மணி, அதை இருபத்து நாலால் வகுத்தால் ஏழரை நாள். எங்கேயும் கிடைக்காத ஏழரை நாள். நடக்காது என்று தெரிந்தேதான், நடந்தால் என்ன என்று ஒரு ஆசையில் அவள் பேசாமல் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் மடை திறந்தது, மடைக்கு இரண்டரை மணி வீதம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொழுது மேற்கே பனைமர உயரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. கடிகாரத்தில் ஆறானது, ஏழானது, எட்டானது, மஞ்சள் வெயில் மஞ்சளாகவே இருந்தது, கொக்குகள் கூட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று கண்மாயைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுக் கடைசியில் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டன. பதினொன்று அடித்ததும் பொழுது ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கத் தொடங்கியது, பன்னிரண்டாம் மடை அடைபடுகிற நேரத்துக்குச் சரியாக விடிந்தது. மனுஷன் தப்பாகப் போட்ட கணக்குக்குப் பொழுது ஒத்துப்போய்விட்டது.

ஊர்க்காரர்கள் அதற்கு நீட்டம் என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்த பிறகு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லாமல் போனது. எல்லைக்கல்லைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் அங்கே மணி ஐந்துதான், ஊருக்குள் எத்தனை மணி நேரம் இருந்துவிட்டுப் போனாலும் ஐந்தே கால் பஸ் அப்போதுதான் வரும், அதனால் நீட்டத்தில் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு ஆற அமரப் பஸ் ஏறப் பழகிக்கொண்டார்கள். நீட்டம் முடிந்ததும் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை ஆறு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பது விளக்கேற்றுகிற மாதிரி வீட்டுக்கு வீடு ஒரு வழக்கமானது. மாடுகள் மூன்று வேளை பால் கொடுத்தன. நூற்றுப்பத்து நாள் நெல் எண்பத்தெட்டு நாளில் அறுப்புக்கு வந்தது, பார்க்க வந்த விவசாய அதிகாரி ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்துவிட்டு நல்ல மண் என்று எழுதிக்கொண்டு போனார். ஆண்கள் அந்த ஆறு மணி நேரத்தைப் புளியமரத்தடியில் தூங்கியும் சீட்டாடியும் கழித்தார்கள், பெண்கள் நாலாவதாக ஒரு உலை வைத்தார்கள்.

"இதென்னடி அநியாயமா இருக்கு, பொழுது நின்னா நம்மளும் கொஞ்சம் நிக்கலாம்னு பாத்தா, அடுப்புல்ல நிக்க மாட்டேங்குது," என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மா. அவள் வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் நல்ல பசி.

பங்குனியில் கண்மாய் வற்றியது, மடைகளை அடைத்தார்கள், ஆனால் நீட்டம் வற்றவில்லை. பொழுதுக்கு அது பழக்கமாகிவிட்டது.

அதற்கு முன்னால், அந்தக் கார்த்திகையில், அழகுராசு வந்து இருந்த முப்பது நாளைப் பற்றிப் பூமயில் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. முப்பது நீட்டம். ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு உலகம் முழுக்க மூச்சைப் பிடித்து நிற்க, ஊர் பாதி புளியமரத்தடியில் குறட்டை விட, அவர்கள் இருவரும் கண்மாய்க்கரையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, இரண்டு வருஷமாகப் போனில் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னார்கள், சொல்லி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள், அப்புறமும் வெயில் மஞ்சளாகவே இருந்தது. அவன் ஏன் இப்படி என்று கேட்டபோது அவள் கணக்கைச் சொன்னாள், அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடிப்பாவி, ஊரையே ஏமாத்தி எனக்கு ஏழரை நாள் வாங்கி வச்சிருக்கியா?"

"எனக்கு வாங்கினேன் மச்சான். உங்களுக்கு வேணும்னா பங்கு தாரேன்."

மார்கழி பிறந்த அன்று அவன் போனான். அவன் போன அன்று சாயங்காலமும் ஐந்து மணிக்குப் பொழுது பனை உயரத்தில் வந்து நின்றது, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நிற்கும் என்பது.

மஸ்கட்டில் ஐந்தரை மணிக்கு வேலை முடியும், அப்போது இங்கே ஏழு, ஏழு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல அவனிடமிருந்து போன் வரும். முன்பெல்லாம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம்தான். இப்போது எட்டு. நீட்டத்தில் போன் மணியைக் காட்டாது, ஐந்திலேயே நிற்கும், எத்தனை தடவை அழுத்தினாலும் மறுமுனையில் ஒரு சத்தமும் வராது. அந்த ஆறு மணி நேரம் மஸ்கட்டில் கிடையவே கிடையாது. அங்கே அவன் அள்ளின மண்ணைக் கொட்டுவதற்குள், ஒரு இமைப்புக்குள், இங்கே அவள் துணி துவைத்து, உலை வைத்து, இறக்கி, தலை சீவி, சீவின தலையை மறுபடியும் அவிழ்த்துச் சீவி முடிக்கிறாள். அந்த நேரத்தில் அவன் தன்னை நினைக்கவில்லையே என்று அவனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, நினைக்க அவனுக்கு நேரமே இல்லை. அவள் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், பதில் இல்லாமல்.

தை பிறந்ததும் வாந்தி வந்தது. மாமனார் மாமியார் இல்லாத வீடு, தாய்வீடு அடுத்த தெருவிலேயே இருந்ததால் அவள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஆவணி முதல் வாரம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தேதி குறித்துக் கொடுத்தாள், இருநூற்றெண்பது நாள் கணக்கு. ஆனால் ஆனி பதினாலாம் தேதியே வலி வந்துவிட்டது. பிறந்தது பெண், மூன்றே கால் கிலோ, தலை நிறைய முடி, கன்னத்தைக் கீறுகிற அளவுக்கு நகம். "தேதிய ஒழுங்காச் சொல்றதுக்கென்ன?" என்று நர்ஸ் அவளைத்தான் திட்டினாள்.

நாலாம் நாள் பிள்ளையைப் பார்க்க மானாமதுரையிலிருந்து பஞ்சவர்ணம் வந்தாள். அழகுராசுவின் அக்காள், தாய் தகப்பன் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள், அவள் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கொம்படிக்குளத்துக்கு வந்தால் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டரை பஸ்ஸைப் பிடிக்கிறவள் என்பதால், நீட்டம் என்பதை அவள் காதால் கேட்டதோடு சரி, வேலையில்லாதவர்கள் அளக்கிற அளப்பு என்று விட்டுவிட்டாள்.

பிள்ளையை மடியில் போட்டுக் கையை விரித்துப் பார்த்தாள், காலை நீட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா பூமயிலு, என் தம்பி எந்தத் தேதி வந்தான்?"

"கார்த்திகை ஒண்ணு மதினி."

பஞ்சவர்ணம் விரல்கணுவில் கட்டைவிரலை வைத்து எண்ணினாள். "கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. ஆனியில பாதி. ஏழரை மாசம். ஏழரை மாசத்துப் பிள்ளைய நானும் பாத்திருக்கேன், அணில்குஞ்சாட்டம் பஞ்சுல பொதிஞ்சு வச்சிருப்பாக. இது பத்து மாசம் உள்ளுக்க சம்மணம் போட்டு உக்காந்து தின்னுட்டு வந்த பிள்ளையில்ல? பத்து மாசம் பின்னுக்குப் போனா புரட்டாசி. புரட்டாசியில என் தம்பி மஸ்கட்டுல இருந்தான்."

"மதினி, எங்க ஊர்ல நாள் பெருசு."

"நாக்கும் பெருசு," என்றாள் பஞ்சவர்ணம். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, கொண்டுவந்த காப்பைப் போடாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று ஏழு மணிக்குப் போன் வரவில்லை. அவளே கூப்பிட்டாள், அடித்து அடித்து ஓய்ந்தது. பிள்ளையின் படத்தை அனுப்பினாள், குரலைப் பதிந்து அனுப்பினாள், இரண்டு டிக்கும் நீலமாயின, பதில் இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் சுவரைப் பார்த்திருப்பாள், பகலெல்லாம் போகும், ஐந்து மணி வரும், பொழுது வந்து நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். எட்டு நாள் இப்படிப் போனது. நாள்காட்டியில்தான் எட்டு, எட்டை முப்பதால் பெருக்கி இருபத்து நாலால் வகுத்துப் பார்த்தால் அவளுக்குப் பத்து.

எட்டாம் நாள் மதியம் பஞ்சவர்ணம் மறுபடியும் வந்தாள், இந்தத் தடவை வீட்டுக்கு வரவில்லை, நேரே சங்கக் கட்டடத்துக்குப் போனாள். ஊரைக் கூட்டி நியாயம் கேட்க வேண்டுமாம். வீரணன் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"அஞ்சு மணிக்குக் கூடிருவோம் மதினி. இப்பல்லாம் நாங்க எதுனாலும் நீட்டத்துலதான் பேசுறது."

"அஞ்சே காலுக்கு எனக்கு பஸ்ஸு."

"பஸ்ஸு எங்கயும் போயிராது. உக்காருங்க."

ஐந்து மணிக்கு ஊர் கூடியது. பஞ்சவர்ணம் எழுந்து நின்று, தம்பியை வளர்த்த கதையில் ஆரம்பித்து, விரல்கணுவில் மாசத்தை எண்ணிக் காட்டி, புரட்டாசியில் கொண்டுவந்து நிறுத்தி, மூக்கைச் சிந்தி உட்கார்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.  நெல்லுக்கு எண்பத்தெட்டு நாள் என்று பழகிப்போன ஊர்தான், ஆனாலும் பிள்ளைக்கு எத்தனை நாள் என்று யாரும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை, நீட்டம் வந்த பிறகு ஊரில் தரித்துப் பிறந்த முதல் பிள்ளை அதுதான்.

பூமயில் பிள்ளையைக் குருவம்மா கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் முறை எழுதுகிற கரும்பலகையின் முன்னால் போய் நின்று சாக்பீஸை எடுத்தாள். பன்னிரண்டு நாள் பச்சை உடம்பு, ஆனாலும் எழுத்து நேராக வந்தது.

"மதினி, பிள்ளைக்கு எத்தனை நாள்?"

"எரநூத்தி எம்பது. இது தெரியாமயா மூணு பெத்தேன்?"

"வெளிய ஒரு நாளைக்கு இருவத்துநாலு மணி. எரநூத்தி எம்பத இருவத்துநாலால பெருக்குனா ஆறாயிரத்து எழுநூத்தி இருவது மணி நேரம். பிள்ளை வயித்துல இருக்க வேண்டியது அம்புட்டுத்தான். பிள்ளைக்கு நாளும் தெரியாது, மாசமும் தெரியாது. எங்க ஊர்ல ஒரு நாளைக்கு முப்பது மணி. ஆறாயிரத்து எழுநூத்தி இருவத முப்பதால வகுங்க."

வகுத்து எழுதினாள். இருநூற்று இருபத்து நாலு.

"நர்சம்மா எண்ண ஆரம்பிச்ச நாள்லருந்து ஆனி பதினாலு வரைக்கும் நாள்காட்டிய எடுத்து எண்ணிப் பாருங்க. எரநூத்தி இருவத்துநாலு இருக்கும். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

பஞ்சவர்ணத்துக்குப் பெருக்கலும் தெரியாது வகுத்தலும் தெரியாது. அவள் பலகையைப் பார்க்கவில்லை, வாசல் வழியாக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்தப் பனைமரத்தின் நிழல் ஒரு விரற்கடை நகரவில்லை. தன் வாதத்தைச் சொல்லி, அழுது, காபி குடித்து, மறுபடி பசித்து, குருவம்மா கொண்டுவந்த நாலாவது உலைச் சோற்றில் ஒரு தட்டும் சாப்பிட்டாகிவிட்டது, பஸ்ஸின் ஹாரன் கேட்கவில்லை, கையிலிருந்த போனில் மணி ஐந்து.

"எம்புட்டு நேரமாடி இது இப்பிடி நிக்குது?" என்று குருவம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தெனமும் ஆறு மணி நேரம் மதினி. எட்டு மாசமா."

"நீங்கள்லாம் என்னதான் செய்வீக?"

"சோறாக்குவோம்."

பஞ்சவர்ணம் எழுந்து பூமயிலின் பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் அவள் வாயில் வருகிற ஜாதி இல்லை. பையைத் துழாவி அந்தக் காப்பை எடுத்துப் பிள்ளையின் கையில் போட்டுத் திருகி இறுக்கினாள். "எனக்கு ஒரு சாயங்காலமே போதும்னு ஆயிருச்சு. நீ எப்பிடித்தான் தம்பி இல்லாம இதுல தெனம் கெடந்தியோ," என்றாள். பொழுது நகர்ந்ததும் ஓட்டமும் நடையுமாக எல்லைக்கல்லைத் தாண்டினாள், பஸ் ஸ்டாப்பில் நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டாள், அவள் போட்ட சத்தத்துக்குப் போனே தேவையில்லை என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள்.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"மயிலு," என்றான்.  

"அக்கா சொல்லித்தான் கூப்புடுறீங்களா மச்சான்?"

"இல்ல. அதுக்கு முன்னயே தெரியும். நீட்டத்துல நானும் இருந்தவன்தான. ஒரு சிமெண்டுப் பைத் தாள்ல கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். எரநூத்தி இருவத்துநாலு வந்துச்சு."

"எப்பப் போட்டீங்க?"

 "நாலாம் நாளு."

"அதுக்கு முந்தி?"

"மூணு நாள் சந்தேகப்பட்டேன் புள்ள. பொய் சொல்ல மாட்டேன். அதுக்குப் பெறகு வெக்கம். எப்பிடிக் கூப்புடுறதுன்னு தெரியல. அக்கா மட்டும் போன் போட்டு வையலேன்னா இன்னும் ரெண்டு நாள் வெக்கப்பட்டுக்கிட்டே இருந்திருப்பேன். மூணே நாள்தான் மயிலு."

பூமயில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மூணு நாள் மச்சான். எனக்கு மூணே முக்கால்."

அவன் அழுதான். ஆம்பளை அழுகிற சத்தத்தை அவள் போனில் கேட்டது அதுதான் முதல் தடவை, அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் சொன்னான்.

"அந்தத் தாள்ல இன்னொரு கணக்கும் போட்டேன். நான் உன்னையவிட மூணு வயசு மூத்தவன். நான் நாலு வருஷம் இருக்கறதுக்குள்ள நீ அஞ்சு வருஷம் இருந்துர்ற. பன்னெண்டு வருஷத்துல நீ என்னையப் பிடிச்சிருவ. அதுக்கப்பறம் நீதான் மூத்தவ. நான் அங்க வர்றப்பல்லாம் நீ முன்னால முன்னால போயிக்கிட்டே இருப்ப புள்ள. நான் எப்பிடி ஓடி வந்து பிடிக்கிறது?"

அன்று அவள் அடுப்புக்கரியை எடுத்துச் சமையல்கட்டுச் சுவரில், சங்கத்துக் கூட்டத்தில் பேசாமல் வாயை மூடிக்கொண்ட அன்று போட மறந்த கணக்கைப் போட்டாள். இரண்டு வருஷம் எழுநூற்று முப்பது நாள். அவன் இருக்கிற முப்பதைக் கழித்தால் எழுநூறு. எழுநூறு ஆறு நாலாயிரத்து இருநூறு மணி. இருபத்து நாலால் வகுத்தால் நூற்று எழுபத்தைந்து. ஏழரை நாள் அவனோடு கூட இருப்பதற்காக நூற்று எழுபத்தைந்து நாள் அவன் இல்லாமல் கூடுதலாக இருக்க அவளே சம்மதித்திருக்கிறாள். காய்கறிக்காரியிடம் ஒரு தடவை ஏமாந்ததில்லை, இதில் ஏமாந்திருக்கிறாள். அவன் வருகிற நாளை மட்டும் பெருக்கினாள், வராத நாளைப் பெருக்க மனசு வரவில்லை.

மறுநாள் நீட்டத்தில் அவளே ஊரைக் கூட்டினாள். நாழிகைக்கு இருபத்து நாலு நிமிஷம்தான், அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமல் விட்டேன், என் தப்பு, திருத்துங்கள் என்றாள். சிலர் மூன்றாம் போகம் போய்விடுமே என்றார்கள். வீரணன் மட்டும் விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு இப்ப வயசென்னத்தா?"

"அம்பத்தெட்டா? இந்த எட்டு மாசத்துல உங்களுக்குப் பத்து மாசம் ஓடியிருச்சு மாமா. அதுவும் பாதி சீட்டாட்டத்துல."

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. வீரணன் தன் கையாலேயே பலகையில் பழையதை அழித்து, மடைக்கு இரண்டு மணி என்று எழுதினார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொழுது பனைமரத்துக்கு வந்தது, நிற்காமல் இறங்கிப் போனது. கொக்குகள் கூட்டுக்குப் போயின. குருவம்மா மூன்றோடு உலையை நிறுத்திவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நாட்கள் அதனதன் அளவுக்கே போயின, ஏழு மணிப் போன் இரண்டு மணி நேரக் காத்திருப்பில் வந்தது, பிள்ளைக்குச் செங்கமலம் என்று பேர் வைத்தார்கள், அது குப்புறித்தது, தவழ்ந்தது, நின்றது, போனுக்குள் இருக்கிற மனுஷனை அப்பா என்றது. அடுத்த வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அழகுராசு பெட்டியோடு எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் வந்தான்.

அன்று சாயங்காலம் குருவம்மா வந்து வாசலில் நின்றாள். "ரெண்டு பேரும் கண்மாய்க்கரைக்கு வாங்க. வீரணன் மாமா கூப்புட்டு விட்டாக."

போனால் கரை முழுக்க ஆட்கள். நடுவில் சங்கக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள், அதில் ஒரு நாழிகைக்கு முப்பது நிமிஷம் என்று பெரிதாக எழுதியிருந்தது.

"எல்லாரும் பேசிட்டம்," என்றார் வீரணன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மாப்பிள்ளை இருக்கிற முப்பது நாளைக்கு மட்டும் கணக்கத் தப்பா வச்சுக்குவோம். அவரு போனதும் திருத்திக்கலாம். வீட்டுக்கு வீடு சம்மதம் வாங்கியாச்சு."

"மாமா, உங்க எல்லாருக்கும்ல ஏழரை நாள் வயசு போகும்," என்றாள் பூமயில்.

"போகட்டும்டி. எங்க வீட்டுல அஞ்சு பேரு, முப்பத்தேழரை நாள் ஒனக்குன்னு ஒதுக்கியாச்சு. வேணாம்னு சொன்னீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்," என்றாள் குருவம்மா. "நாலாவது உலைய மட்டும் ஒன் புருஷன் வந்து வைக்கட்டும்."

 ஊரே மேற்கே பார்த்துத் திரும்பி நின்றது. பொழுது பனை உயரத்துக்கு வந்ததும் வீரணன் கையை உயர்த்தி, "நாழிகைக்கு அரை மணி!" என்று கத்தினார். எல்லோரும் சேர்ந்து, "அரை மணி!" என்றார்கள். சின்னப்பிள்ளைகள் குதித்துக் குதித்துக் கத்தின.

பொழுது நிற்கவில்லை. தெரியாமல் போட்ட தப்புக்கு ஒத்துப்போன பொழுது, தெரிந்தே போட்ட தப்புக்கு மயங்கவில்லை, பனையின் குருத்தை உரசி, மட்டையில் இறங்கி, பாளைக்கு வந்தது. ஊர் விடவில்லை. "அரை மணி! அரை மணி!" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கூவினார்கள், ஒரு பெரியவர் துண்டை வீசிப் பொழுதை மேலே போகச் சொல்லி விரட்டினார். அழகுராசுதான் முதலில் சிரித்தான், பிறகு பூமயில், பிறகு அவன் தோளில் உட்கார்ந்திருந்த செங்கமலம் எதற்கென்று தெரியாமலே கைதட்டியது, அப்புறம் கரை முழுக்கச் சிரிப்பு. கூவிக் களைத்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள், வீரணன் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று பேரும் கரையிலேயே இருந்தார்கள். பூமயில் பிள்ளையின் சேற்றுக்காலைக் கண்மாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். பொழுது பனையின் அடிமரத்துக்கு வந்துவிட்டது.

"முப்பது நாளுக்கு மொத்தம் எழுநூத்தி இருவது மணி," என்றான் அழகுராசு. "வந்து ஒம்பது மணி நேரம் ஆகப்போகுது. எழுநூத்தி..."

அவள் ஈரக்கையால் அவன் வாயைப் பொத்தினாள்.